விளிம்புக்கு அந்தப் பக்கம்

கரன்ட் போன ஒரு ராத்திரி. மொட்டை மாடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். தலைக்கு மேலே அத்தனை நட்சத்திரம். 'இந்த வானம் எதுவரைக்கும் போகும்? எங்கேயாவது முடியணுமே! முடிஞ்சா, அதுக்கு அந்தப் பக்கம் என்ன?' என்று உங்களுக்கும் ஒருநாள் தோன்றியிருக்கும். பக்கத்தில் படுத்திருந்த அப்பாவிடம் கேட்டு, 'பேசாமத் தூங்குடா' என்று பதில் வாங்கியிருப்பீர்கள்!

வெட்கப்பட வேண்டாம். சுமார் 2,400 வருடங்களுக்கு முன்பே ஆர்க்கிடாஸ் என்ற கிரேக்கர் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு தவித்தார். பிளேட்டோவின் நண்பர் அவர். பிரபஞ்சத்தின் கடைசி ஓரத்தில் போய் நின்றுகொண்டு கைத்தடியை வெளியே நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தார். நீட்ட முடிந்தால் அங்கே இடம் இருக்கிறது. அப்படியானால் அது ஓரமே இல்லை. நீட்ட முடியாவிட்டால் ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்த 'ஏதோ ஒன்று' ஓரத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது? எப்படிப் போனாலும் மடக்கிவிடுகிற ஆசாமி!

இப்போது கிரேக்கத்தை விட்டுவிட்டு அரியலூர் மாவட்டத்துக்கு வாருங்கள். ஜெயங்கொண்டம் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலுக்குள் ஒரே கல்லில் செதுக்கிய நவக்கிரகம் இருக்கிறது. விரிந்த தாமரைதான் சூரியன். சுற்றிலும் மற்ற கிரகங்கள். கீழே ஏழு குதிரை பூட்டிய ரதம். 'பார்த்தீர்களா, கோப்பர்னிகஸுக்கு ஐந்நூறு வருஷம் முன்பே நம்மவர்கள் சூரியனை நடுவில் வைத்துவிட்டார்கள்!' என்று சிலர் சிலிர்ப்பதுண்டு. மன்னிக்கணும், அது வழிபாட்டுக்கான அமைப்பு. வானியல் படம் இல்லை. ஆனால் ஒன்று நிஜம். பதினோராம் நூற்றாண்டு மனிதனின் கண்ணுக்கு எட்டிய கடைசிக் கிரகம் சனி. அதைத் தாண்டினால் நட்சத்திரக் கூட்டம், அவ்வளவுதான். 1781-ல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடிக்கும்வரை கிரகங்களின் எல்லை சனியோடு நின்றது.

அப்புறம் அந்த எல்லை ஓட ஆரம்பித்தது. 1920-களில் எட்வின் ஹபிள், நம் பால்வீதிக்கு வெளியேயும் தனித்தனி நட்சத்திர மண்டலங்கள் இருப்பதை நிரூபித்தார். அவை நம்மைவிட்டு விலகிப் போவதையும் காட்டினார். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி வருடம் என்பது இன்றைய கணக்கு. அதற்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம் என்று எதுவும் கிடையாது. ஆக, ஒரு தூரத்துக்கு மேல் நம்மால் பார்க்க முடியாது. நடுவில் வெளி விரிந்துகொண்டே போனதால் அந்தத் தூரம் இன்று சுமார் 4,600 கோடி ஒளியாண்டு.

அதுதான் ஓரமா? இல்லை! சோழபுரத்து விமானத்தின் உச்சியில் ஏறி நின்றால் (ஏறாதீர்கள், கற்பனையில்!) தூரத்தில் வானமும் பூமியும் தொட்டுக்கொள்ளும். அங்கே சைக்கிளில் போய்ப் பார்த்தால் சுவரா இருக்கிறது? இன்னொரு ஊர், இன்னொரு முந்திரித் தோப்பு, இன்னொரு தொடுவானம். பிரபஞ்சத்தின் கதையும் இதுதான். அந்தப் பக்கமும் இதே மாதிரி நட்சத்திர மண்டலங்கள் தொடர்ந்து போகின்றன என்றே பெரும்பாலான விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். முடிவில்லாமலா, பூமியின் மேல்பரப்பு மாதிரி ஓரமில்லாமல் வளைந்தா... இன்னும் தீர்ப்பு வரவில்லை. நம் பிரபஞ்சமே பல குமிழிகளில் ஒன்று என்கிறவர்களும் உண்டு. கணக்கு அழகாக இருக்கிறது, சாட்சிதான் இல்லை. என்னைக் கேட்டால், அதுவரை கதை என்றே வைத்துக்கொள்ளலாம்.

தூரத்தைப் பார்ப்பது என்றாலே பழைய காலத்தைப் பார்ப்பதுதான். இந்த இடத்தில்தான் அரியலூர் மறுபடி உள்ளே வருகிறது.

அரியலூர் என்றால் பெரியவர்களுக்கு 1956 ரயில் விபத்தும் லால் பகதூர் சாஸ்திரியின் ராஜினாமாவும் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு சிமென்ட். ஆனால் உலகத்துப் புவியியல்காரர்களுக்கு அது ஒரு கடல்! இந்தியா தெற்கே இருந்த பெருங்கண்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வடக்கே நகர்ந்தபோது, இந்தப் பக்கம் கடல் உள்ளே புகுந்தது. ஏறக்குறைய ஐந்து கோடி வருடம் முன்னும் பின்னுமாக வந்து போய்க்கொண்டிருந்தது. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இங்கே பொறுக்கிய சிப்பிகளையும் சங்குகளையும் லண்டனுக்கு அனுப்ப, 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். அடுத்து வந்த ஹென்றி பிளான்ஃபோர்ட், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவர், வெயிலில் நடந்து நடந்து பாறைகளை மூன்று அடுக்காகப் பிரித்தார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயரும் வைத்தார். கடல் உயிர்களைத் தொகுதி தொகுதியாக எழுதிக் குவித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்தவர். 1874-ல் மத்திய ஆசியாவிலிருந்து திரும்பும் வழியில் மலை உயரம் தாங்காமல் இறந்துபோனார். சமாதி லே நகரத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 36.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குப் போனால் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகவே படுத்திருப்பதைப் பார்க்கலாம். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகத்துக்குச் சொன்னார். அதே மாவட்டத்துக் காரை கிராமத்தின் பொட்டல் மேட்டில் மழை அரித்த மண்ணில் சுறாப் பல் கிடைக்கும். அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியில் சிப்பிகள் சேர்ந்தே சுண்ணாம்புப் பாறையானது. சுமார் ஏழு கோடி வருடம் பழசு.

இனி கணக்குப் போடுங்கள். ஏழு கோடி ஒளியாண்டு தள்ளி ஒருவன் உட்கார்ந்து, நினைத்துப் பார்க்க முடியாத அளவு பெரிய தொலைநோக்கியை இந்தப் பக்கம் திருப்பினால், இன்றைக்கு அவனுக்குத் தெரிவது நீங்களும் நானும் இல்லை... கல்லங்குறிச்சிக் கடல்தான்! சுருள் ஓட்டு அம்மோனைட்டுகள் நீந்திக்கொண்டிருக்கும். 2019-ல் M87 மண்டலத்தின் கருந்துளைப் படத்தை வெளியிட்டார்களே, அந்த வெளிச்சம் ஐந்தரைக் கோடி வருடம் முன்பு கிளம்பியது. அப்போது அரியலூர்ச் சுண்ணாம்புக் கடல் வற்றி, டைனோசர்களும் முடிந்துபோயிருந்தன. 4,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவனுக்கோ, விளிம்பே நாம்தான். அவன் கண்ணுக்கு நாம் இன்னும் நட்சத்திரம்கூட உருவாகாத வெறும் சூட்டுக் குழம்பு!

ஆக, பிரபஞ்சத்தின் ஓரத்துக்கு யாரும் போகப்போவதில்லை. ஆனால் அம்மோனைட்டுகளின் பிரபஞ்சம் ஒருநாள் நிஜமாகவே முடிந்தது, 6.6 கோடி வருடம் முன்பு. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்பு அந்த முடிவுக்கு இந்தப் பக்கம், நின்னியூர்ச் சுண்ணாம்பு அந்தப் பக்கம். கீழே இருப்பதில் அம்மோனைட் உண்டு, மேலே கிடையாது. உலகத்தில் இப்படி ஒரு விளிம்பை பஸ்ஸில் போய் இறங்கிப் பார்க்கக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்.

அங்கேதான் சுரங்கங்கள். சுண்ணாம்பைத் தோண்டியதால்தான் பல புதைபடிவங்கள் வெளியே வந்தன என்பது உண்மை. வந்தவற்றில் மிகப் பெரும்பங்கு உலைக்குப் போனது என்பதும் உண்மை. வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தப்பித்தவை சில அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. 2020-ல் குன்னம் ஏரியில் டைனோசர் முட்டை கிடைத்தது என்று கிளம்பிய பரபரப்பு நினைவிருக்கலாம். நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, கடல் படிவ உருண்டை என்றார்கள். உடனே கூட்டம் கலைந்துவிட்டது! அங்கே கடல் இருந்தது என்கிற சேதி யாருக்கும் போதுமானதாக இல்லை.

மிச்சம் கடல் எங்கே போயிற்று என்கிறீர்களா? கொஞ்சம் சிமென்ட் மூட்டையில் ஏறி உங்கள் ஊருக்கும் வந்திருக்கும். அன்றைக்கு மல்லாந்து படுத்தீர்களே மொட்டை மாடி... அதைத் தட்டிப் பாருங்கள்.