ஒரு நாழிகை

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறவர்கள் ராஜேந்திர சோழனை நினைத்துக்கொள்வதுதான் வழக்கம். சென்ற தடவை போனபோது எனக்கு ஒரு தாயின் நினைவு வந்தது. அதற்குக் காரணம், விமானத்தின் நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி.

"பேத்திக்குச் சொன்ன தேதி போயி எட்டு நாளாச்சு, தம்பி. வலியே காணோம். நல்ல நட்சத்திரத்துக்காகப் புள்ளை காத்துக்கிட்டு இருக்கு" என்றார் பெருமையாக.

நட்சத்திரத்துக்காகக் காத்திருந்த பிள்ளை ஒருவனைச் சோழர் சரித்திரமும் அறியும். ராஜேந்திரனுடைய திருவாலங்காட்டுச் செப்பேடுகள் குல முன்னோருள் ஒருவனாகக் கூறும் கோச்செங்கட் சோழன்தான் அவன். அவன் பிறந்த கதையைப் பெரிய புராணத்தில் விரித்துச் சொன்னவர் சேக்கிழார். அவரை ஆதரித்த இரண்டாம் குலோத்துங்கன், 12ஆம் நூற்றாண்டில், இதே ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். கதையைப் பாட்டிக்குச் சொன்னேன்.

சுபதேவனின் மனைவி கமலவதிக்குப் பிரசவ வேளை வந்தது. இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்றார்கள் சோதிடர்கள். தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் சொன்னாள் அந்த அம்மாள். நாழிகை கடந்த பிறகே பிள்ளை பிறந்தான். காத்திருந்ததில் கண்கள் சிவந்திருந்தன.

புராணம் இதைத் தாயன்பாகப் பாடுகிறது. எனக்கு அந்த ஒரு நாழிகைதான் உறுத்துகிறது. இருபத்துநான்கே நிமிஷம்! பிள்ளைக்கு நேரம் பார்த்தவர்கள் பெற்றவளுக்கு நேரம் பார்க்கவில்லை. கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் கதை, தான் பிறந்த காலத்தின் மனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கமலவதி வந்த பிரசவத்தைத் தள்ளிப்போட்டாள். பாட்டியின் பேத்திக்கோ வலியே வரவில்லை. இரண்டும் வேறுதான். ஆனாலும் இரண்டிலும் காத்திருப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

பத்து மாதம் சுமப்பதாகச் சொல்கிறோம். நான்கு வாரம் ஒரு மாதமானால் அது 280 நாள். ஹைடல்பர்க் நகரத்து நேகலே என்ற வைத்தியரின் பெயரால் வழங்கும் கணக்கும், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அதே 280தான். அது உத்தேசமே. சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தை நூற்றுக்கு நான்கைந்துதான். மாதவிலக்கு நாள் சரியாக நினைவில்லாவிட்டால் கணக்கே பிசகும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் அதைத் திருத்தும்.

ஆகவே தேதி தாண்டிவிட்டதே என்று உடனே நடுங்க வேண்டியதில்லை. ஆனால் 41 வாரம் ஆனபின் சும்மா இருக்கலாகாது. நஞ்சு தளரலாம், பனிக்குட நீர் வற்றலாம்; வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயம், சிறியதுதான் என்றாலும், நாளுக்கு நாள் கூடும். குழந்தையின் இதயத் துடிப்பையும் நீரின் அளவையும் டாக்டர் பார்ப்பார். 41 வாரம் உறுதியாகக் கடந்திருந்தால் மருந்தினால் வலியை வரவழைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு உதவும் ஆக்ஸிடோசினை 1953இல் செயற்கையாக உண்டாக்கிய டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். குழந்தையின் அசைவு குறைந்தால் தேதி, நட்சத்திரம் எதையும் பாராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போவதற்கு இடமும் இப்போது தூரத்தில் இல்லை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007இல் அரியலூர் மறுபடி தனி மாவட்டமாயிற்று. 2022இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

இவற்றில் முக்கியமானவற்றைப் பாட்டிக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். அவர் மனமெல்லாம் கதையிலேயே இருந்தது.

"அந்த ராசாவைப் பெத்தவ என்னானா, தம்பி?"

"பிள்ளை முகத்தைப் பார்த்தாள், பாட்டி. அதோடு உயிர் போய்விட்டது."

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அரியலூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.