கலிஃபோர்னியாவின் கலப்புப் பெர்ரிகள்

ரோஜாக் குடும்பத்தின் ரூபஸ் பேரினத்தைச் சேர்ந்த முட்செடிகளுள், பறிக்கும்போது பூத்தளத்தைக் காம்பிலேயே விட்டுவிட்டு உள்ளீடற்ற தொப்பிபோலக் கழன்று வருவது ராஸ்பெர்ரி. பூத்தளத்தையும் தன்னோடு கொண்டுவருவது பிளாக்பெர்ரி. இரண்டும், ஒரே பூவிலுள்ள இணையாத சூலகங்கள் பல சிறு மணிகளாகத் திரண்டமைந்த திரள்கனிகளே.

இவ்விரண்டின் கலப்பில் பிறந்த லோகன்பெர்ரி, 1881-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில், நீதிபதியாக விளங்கிய ஜேம்ஸ் ஹார்வி லோகனின் தோட்டத்தில் தற்செயலாகத் தோன்றியது. அவர் கலக்க விரும்பியவை இரு பிளாக்பெர்ரி வகைகள். அவற்றுள் ஆகின்பா என்பது மேற்குக் கரையின் காட்டினத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கொடியாதலால், வேறு செடியின் மகரந்தம் இல்லாமல் அது காய்க்காது. அம்மகரந்தம் அருகில் நின்ற ரெட் ஆண்ட்வெர்ப் என்னும் ராஸ்பெர்ரியிலிருந்தும் வந்து சேர்ந்தது. விதைத்து முளைத்த நாற்றுகளுள் ஒன்று, நீண்ட, கருஞ்சிவப்பான, புளிப்பு மிகுந்த பழங்களைத் தந்தது.

இக்கலப்பு மலடாகாமல் போனதே வியப்புக்குரியது. ஆகின்பாவின் 56 குரோமோசோம்களில் பாதியான 28, சூல்முட்டை வழியே வந்தது. ராஸ்பெர்ரியின் 14-இல் பாதியான 7 மட்டும் அதனோடு சேர்ந்திருந்தால், இணை சேர இயலாத ஒற்றைப்படையில் 35 ஆகி, வளமான விதைகளுக்கு வழி அடைபட்டிருக்கும். குறைவுபடாத மகரந்தம் ஒன்று 14-ஐயும் முழுமையாகக் கொணர்ந்ததால், லோகன்பெர்ரி 42 குரோமோசோம்களுடன் நன்கு காய்க்கும் செடியாயிற்று.

எனினும், கலப்பினத்தின் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை. தண்டின் நுனியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்யும் நுனிப்பதியம் போன்ற முறைகளே அவ்வகையைக் காத்துப் பெருக்கும் வழி. ஆகவே, பேணுவோர் கைவிட்டால் ஒரு வகை முற்றாக அழிந்துவிடக்கூடும். லோகன்பெர்ரியையும் தன் முன்னோருள் ஒன்றாகக் கொண்ட பாய்சன்பெர்ரிக்கு அந்நிலை ஏறக்குறைய நேர்ந்தது. அதை 1920-களில் வளர்த்த ரூடால்ஃப் பாய்சன், முயற்சி பலன் தராததால் கைவிட்டுவிட்டார். பெரிய செந்நிறப் பழம் ஒன்றைப் பற்றிய பேச்சைக் கேள்வியுற்ற அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் டாரோவும், பியூனா பார்க் ஊரில் பெர்ரி பயிரிட்ட வால்டர் நாட் என்பவரும் தேடிச் சென்றபோது, பாய்சனின் பழைய பண்ணையில் களைகளுக்கு நடுவே நலிந்த சில கொடிகளே எஞ்சியிருந்தன. நாட் அவற்றைத் தம் நிலத்துக்குப் பெயர்த்துச் சென்று தேற்றி, 1930-களின் தொடக்கத்தில் பழங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அவற்றுக்குத் தம் பெயரைச் சூட்டாமல் பாய்சனின் பெயரையே சூட்டினார்.