வாய்ப்பாட்டின் வழியில் குழல்: தஞ்சாவூர் விசுவநாதனின் இசைக்கல்விப் பணி

கச்சேரிக் கலைஞராகவும் பல்கலைக்கழக ஆசிரியராகவும் ஒருங்கே அறியப்பட்ட குழலிசையாளர் தஞ்சாவூர் விசுவநாதன் (1927–2002). வீணை தனம்மாளின் பெயரரும் நடனக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பியுமான இவர், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணவர். நாகசுரக் குடும்பத்து ஆசிரியரிடமும் பாடகியான தாய் ஜெயம்மாளிடமும் பெற்ற பயிற்சியால், சாகித்தியத்தின் சொற்பிரிவு கெடாமல் வாசிக்கும் பாணி இவருக்கு வாய்த்தது. கச்சேரியிடையே குழலை இறக்கிவிட்டு அடிகளைப் பாடிக்காட்டுவதும் இவர் வழக்கம்.

1958இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் கலிபோர்னியா சென்றார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவரானார். 1975இல் இராக ஆலாபனை பற்றிய ஆய்விற்காக அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே இறுதிவரை கற்பித்தார். அண்ணன் ரங்கநாதன் அங்கு மிருதங்கம் பயிற்றினார்.

குடும்பத்துள் செவிவழி வளர்ந்த இசை, பாடத்திட்டத்தின் கால வரையறைக்குள் அடங்குமா என்பதே இப்பணியின் மையச் சிக்கலாகும். கமகம் சுரக்குறிப்பில் முழுமையாகப் பதிவாவதில்லை. ஆதலின் பாடிக்காட்டலும் திருப்பிப் பாடலும் இன்றியமையாதனவாயின. இச்சகோதரர்களிடம் பயின்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்சு, கருநாடக இசைப் பாடகராகத் தமிழக மேடைகளில் ஏற்கப்பட்டமை இதன் பயனைக் காட்டும். வெசுலியனின் நவராத்திரி விழா வகுப்பறைக்கு வெளியேயும் கேட்போரைத் திரட்டியது. 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமை விருது இவருக்கு வழங்கப்பட்டது. நிறுவனம் மரபுக்கு மாற்றாகாமல் அதன் இருப்பிடமாகவும் அமையக்கூடும் என்பதற்கு இவர் வாழ்வு சான்றாகிறது.