ஒரு அணா டிபனும் வருகைப் பதிவேடும்: நம்ம ஊர் பள்ளிகளின் நூறு வருசக் கதை

மழை சீசன் வந்தாச்சு மக்களே. தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் காலை ஆறு மணிக்கே எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. இன்னைக்கு ஸ்கூல் உண்டா, இல்லையா?

நம்ம ஏரியாவில் இதுக்குப் பதில் சொல்றது கொஞ்சம் சிக்கல். சென்னை கலெக்டர் லீவு விட்டால் அது ஆலந்தூருக்கும் சோழிங்கநல்லூருக்கும் பொருந்தும், பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் பொருந்தாது. நாம செங்கல்பட்டு மாவட்டம். 1997 வரை செங்கல்பட்டாக இருந்தோம், பிறகு காஞ்சிபுரம் ஆனோம், 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு. நடுவில் 2021-ல் மாநகராட்சியும் ஆயிட்டோம். அப்பா வேலைக்குப் போற ஊர் ஒரு மாவட்டம், பிள்ளை படிக்கிற ஸ்கூல் இன்னொரு மாவட்டம். டிவியில் ஓடுற எழுத்தைப் பாதி படிச்சுட்டு பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திடுற குடும்பங்கள் உண்டு. பதிவேட்டில் அன்னைக்கு 'ஆப்சென்ட்'.

அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இந்த நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

ஓபியில் ஆறேழு வயசுக் குழந்தை வந்தால் நான் தவறாமல் கேட்பது, "இந்த மாசம் ஸ்கூலுக்கு எத்தனை நாள் போகலை?". ஜுரம் எத்தனை நாளாக என்று கேட்டால் அம்மா ஒண்ணு சொல்வார், பாட்டி ஒண்ணு சொல்வார். ஸ்கூல் லீவு மட்டும் பெரும்பாலும் சரியா ஞாபகம் இருக்கும். மாசத்தில் நாலைந்து நாள் போகாத பிள்ளைக்குப் பின்னால் ஏதோ இருக்கு. ராத்திரி முழுக்க இருமல், வீசிங். ரத்தசோகை. போர்டு தெரியலை என்று சொல்லத் தெரியாத கண். கழிவறைக்குப் போகப் பயந்து அடக்கி வைப்பதால் வரும் வயிற்று வலி. இல்லைன்னா காலையில் ஒண்ணுமே சாப்பிடாத சோர்வு.

இந்தக் கடைசிக் காரணத்தை நூறு வருசத்துக்கு முன்னாடியே நம்ம ஊரில் ஒருத்தர் பதிவேட்டைப் பார்த்துப் பிடிச்சுட்டார்.

1920. சென்னை மாநகராட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர். செப்டம்பர் 16 அன்று கவுன்சிலில் ஒரு தீர்மானம் வருது. ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது. அவர் சொன்ன காரணம் எளிமையானது: பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை பெரிசா அடி வாங்குது.

பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரிவாச்சு. இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671. ரெண்டே வருசத்தில் ரெண்டு மடங்குக்கும் மேல!

அப்புறம்? 1925 ஏப்ரல் 1 முதல் நிறுத்திட்டாங்க. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து டிபனுக்குச் செலவு செய்யக் கூடாதுன்னு அரசு மறுத்துடுச்சு. கல்விப் பணம் கல்விக்குத்தான், சாப்பாடு எந்தத் தலைப்பில் வரும்? (அரசுப் பணியில் இருக்கிறவங்களுக்கு இந்த 'எந்த ஹெட்ல எழுதுறது' வலி நல்லாவே தெரியும்.) ரெண்டு வருசம் போராடி மாநகராட்சி மறுபடி ஆரம்பிச்சது. ஆனால் நடுவில் போன பிள்ளைகள் போனதுதான். ஏழு வயசில் நின்ன பிள்ளை ஒன்பது வயசில் திரும்பி வந்து ஒண்ணாம் வகுப்பில் உட்காராது.

அடுத்து 1953. இது சாப்பாட்டுக் கதை இல்லை, டைம்டேபிள் கதை.

முதல்வர் ராஜாஜி ஒரு மாற்றுத் திட்டம் கொண்டு வந்தார். கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் மட்டும் வகுப்பு. காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கத்துக்கணும். கட்டடமும் வாத்தியாரும் பத்தலை என்ற பிரச்சினை உண்மை. அதே கட்டடத்தில் ரெண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்ற கணக்கும் பேப்பரில் சரியாத்தான் இருக்கும்.

ஆனால் மிச்ச அரை நாளில் பிள்ளை யாரிடம் போகும்? அப்பாவிடம். அப்பா செய்யும் வேலை எது? அதை முடிவு செய்தது சாதி. சலவைத் தொழிலாளி பிள்ளை துறைக்கும், சவரத் தொழிலாளி பிள்ளை கத்திக்கும் போகும். 'குலக்கல்வி' என்று பெரியாரும் திமுகவும் தெருவில் இறங்கினார்கள். 1953 ஜூலையில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்கு ஓட்டு 138-க்கு 138. சபாநாயகர் ஓட்டில்தான் தப்பியது. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், மே மாசமே திட்டம் ரத்து.

அரசியலை விட்டுட்டு ஒரு மருத்துவனாகப் பார்த்தாலும் எனக்கு ஒண்ணு உறுத்துது. பள்ளி மணி எத்தனை மணிக்கு அடிக்கணும் என்பது பிள்ளையின் தூக்கம், சாப்பாடு, உடல் உழைப்பு எல்லாத்தையும் மாத்துற முடிவு. அதை எடுக்கும்போது எந்த வீட்டையும் கேட்கலை. வீட்டுக்குத் தகவல் உத்தரவாகத்தான் போச்சு.

இதுக்கு நேர் எதிராக ஒண்ணு நடந்தது, அதுவும் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் கையால். நெ.து. சுந்தரவடிவேலு, நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். காமராஜர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கினப்ப அது பெரும்பாலும் ஊர்க்காரங்க போட்ட அரிசியிலும் பருப்பிலும்தான் ஓடியது. மறுவருசம் அரசு பங்கு போட வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு கணக்கு: 6 காசு அரசு, 4 காசு ஊர்.

இந்த 4 காசை நிறைய பேர் சிக்கனம்னு நினைக்கிறாங்க. எனக்கு அப்படித் தோணலை. அந்த 4 காசு வேணும்னா தலைமையாசிரியர் வீடு வீடாகப் போயே ஆகணும். போனால் பேசணும். உங்க பிள்ளை ஏன் நேத்து வரலைன்னு கேட்கணும். அறுப்புக்குப் போச்சா, தங்கச்சியைப் பார்த்துக்குதா, சொறி சிரங்கான்னு தெரிஞ்சுக்கணும். வாட்ஸ்அப் குரூப் இல்லாத காலத்தில் இதுதான் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடின தகவல் தொடர்பு.

1958-ல் இதே மாவட்டத்தில் (இன்னைக்குத் திருவள்ளூர் மாவட்டம்) கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று பட்டியல் போட்டு ஊர் முன்னாடி வைப்பது. கூரை, கரும்பலகை, தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தட்டு, சீருடைத் துணி. ஊர்க்காரங்க எழுந்து நான் இதைத் தர்றேன், நான் அதைத் தர்றேன்னு சொல்வாங்க. பிறகு மாநிலம் முழுக்க இப்படி மாநாடுகள் நடந்தன.

1982-ல் எம்ஜிஆர் சத்துணவு, 1989-ல் கலைஞர் முட்டை. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, வேகமா தாண்டிடறேன். ஒண்ணு மட்டும். ஓட்டுக்காகன்னு கிண்டல் பண்ணப்பட்ட இந்த ஏற்பாட்டைத்தான் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க சமைச்ச மதிய உணவாகக் கொடுக்கணும்னு உத்தரவு போட்டது. 1999-ல் வந்த வாழ்வொளித் திட்டத்தை அவ்வளவா யாரும் பேசறதில்லை. வியாழக்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலைய டீம் பள்ளிக்கே போய் பிள்ளைகளைப் பார்க்கும். அன்னைக்கு வராத பிள்ளையை யாரும் பார்க்க முடியாது. வராத பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் நோய் இருக்கும். இந்த முரண்பாடு இன்னைக்கு வரை எங்களுக்குத் தீராத தலைவலி.

இனி நம்ம புறநகருக்கு வருவோம். பிள்ளைகள் மொத்தமா பதிவேட்டிலிருந்து காணாமல் போனது இங்கே மூணு விதமாக நடந்திருக்கு.

ஒண்ணு, 2015 வெள்ளம். டிசம்பர் 1-2-ல் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரில் மாடி வரைக்கும் தண்ணி. நவம்பர் நடுவிலிருந்தே விட்டு விட்டு லீவு, பள்ளி திறந்தது டிசம்பர் 14. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போச்சு. புத்தகம், சீருடை, பை எல்லாம் தண்ணியோட போயிடுச்சு. அரசு புதுசா கொடுத்தது. ஆனாலும் சேறு அள்ளுற வீட்டில் பிள்ளையைக் கிளப்பி விட யாருக்கு நேரம்?

ரெண்டாவது, சத்தமே இல்லாமல் நடந்தது. கண்ணகி நகர், பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவங்களை லாரியில் ஏத்திக் கொண்டு வந்து குடியேத்தின இடங்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,656 வீடுகள். பல குடும்பங்கள் படிப்பு நடந்துட்டு இருக்கும்போதே, வருசத்தின் நடுவில் மாத்தப்பட்டாங்க. பழைய ஸ்கூல் சிட்டிக்குள்ளே, ரெண்டு பஸ் மாறணும். புது ஸ்கூலில் இடம் கிடைக்க நாளாகும். பழைய பதிவேட்டில் பெயர் இருக்கு, ஆள் இல்லை. புதுப் பதிவேட்டில் பெயரே ஏறலை. தடுப்பூசி அட்டையும் இதே மாதிரி நடுவில் தொலையும். வீடு கொடுக்கிற துறை நாலு நாள் முன்னாடி ரெண்டு பள்ளிக்கும் ஒரு லெட்டர் போட்டிருந்தால் பாதிப் பிள்ளைகளைப் பிடிச்சிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மூணாவது, கொரோனா. 2020 மார்ச்சில் மூடின தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒன்றரை வருசத்துக்கும் மேல. ஒண்ணாம் வகுப்பைப் பார்க்காமலே ரெண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது உண்மை, ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோட வேலைக்குப் போயிடும். அதனால்தான் திறக்கிறதுக்குச் சில நாள் முன்னாடி 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்ப வேண்டி வந்தது. 4 காசு கேட்டு வாத்தியார் நடந்த அதே தெரு.

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கினப்ப முதல் கட்டத்தில் 1,545 தொடக்கப் பள்ளிகள். கொஞ்ச மாசத்தில் 1,543 பள்ளிகளின் வருகையைப் பார்த்ததில் 1,319 பள்ளிகளில் கூடியிருந்தது. 1920-ல் ஆயிரம் விளக்கில் தெரிஞ்ச அதே விஷயம். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாச்சு. இந்தச் சாப்பாடு காலையில், வகுப்புக்கு முன்னாடி. லேட்டா வர்ற பிள்ளைக்குக் கிடைக்காது. அதனால பிள்ளைகள் வீட்டில் இருந்து கிளம்புற நேரமே மாறியிருக்கு. வீட்டு டைம்டேபிளை மாத்த உத்தரவு தேவைப்படலை, சேமியா கிச்சடி போதுமா இருந்திருக்கு.

சரி, இப்ப நடக்கிற விஷயம். எப்ப பிள்ளையை அனுப்பக் கூடாது, எப்ப அனுப்பணும்?

ஜுரம் இருந்தால் அனுப்பாதீங்க. பாராசிட்டமால் இல்லாமல் ஒரு முழு நாள் ஜுரம் வரலைன்னா அனுப்பலாம். அம்மை கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்கு தட்டுற வரை வீட்டில். மெட்ராஸ் ஐன்னா கண்ணில் நீர், பீளை நிற்கிற வரை. (1918-ல் எழும்பூர் கண் மருத்துவமனையில் அடையாளம் கண்ட பாவத்துக்கு அந்தப் பேர் நம்ம ஊருக்கு ஒட்டிக்கிச்சு.) லேசான சளி, பேன், பல் விழுறது, இதுக்கெல்லாம் லீவு வேண்டாம். லீவு போட்டால் என்ன உடம்புக்குன்னு டீச்சருக்கு ஒரு வரி அனுப்பிடுங்க. ஒரே வகுப்பில் ஒரே வாரம் ஆறு பிள்ளைக்கு வயிற்றுப்போக்குன்னா தண்ணித் தொட்டியைப் பார்க்கணும்னு அந்த ஆறு மெசேஜிலிருந்துதான் தெரியும்.

அதே மாதிரி, மாத்திரை கொடுக்கிற நாளில் பயந்து லீவு போடாதீங்க. குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியிலிருந்து நடக்குது. அல்பெண்டசோல் 400 மி.கி., சப்பிச் சாப்பிடணும், வருசத்துக்கு ரெண்டு தடவை. புழு அதிகமா இருக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் வயிற்று வலி, வாந்தி வரலாம், சில மணி நேரத்தில் அடங்கிடும். ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் சாயங்காலத்துக்குள்ளே தெருவெல்லாம் வேற கதையாகப் பரவி, மறுதடவை பாதி வகுப்பு காலி. அப்படி விடுபட்ட பிள்ளைகளுக்காகவே ஒரு வாரம் கழிச்சு இன்னொரு நாள் உண்டு. போன தடவை உங்க பிள்ளைக்கு விட்டுப் போயிருந்தால் அந்த நாள் எப்பன்னு வகுப்பு டீச்சரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டு வெச்சுக்கோங்க. அன்னைக்கு மழை லீவு வந்துட்டா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க, அங்கேயும் மாத்திரை இருக்கும்.