நாற்பது வேலி: நந்தன் கதையும் திரைக்கதை இலக்கணமும்



திரைக்கதைப் பட்டறைகளில் இன்று நம் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கப்படுவது ஓர் எலும்புக்கூடு. நாயகனுக்கு ஒரு விருப்பம், அதற்கு ஒரு தடை, அவனுக்கு ஒரு சோதனை, இறுதியில் வெற்றி. அமெரிக்கரான சிட் ஃபீல்ட் 1979இல் எழுதிய நூலால் மூன்று அங்க அமைப்பு திரையுலகில் பரவியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1928இல், ருஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் நாட்டார் மாயக் கதைகளைப் பிரித்து அடுக்கி, அவற்றின் நிகழ்வுகள் 31 வகைக்குள் அடங்கும் என்று காட்டினார். அவர் பட்டியலின் கடைசிப் பகுதியில் கடினமான பணி, அதை முடித்தல், நாயகன் அடையாளம் காணப்படுதல், உருமாற்றம் ஆகியவை வருகின்றன. இதைப் படிக்கும் எவருக்கும் நம் நந்தன் நினைவுக்கு வர வேண்டும்.

சேக்கிழார் சொல்லும் நந்தனுக்குப் பண்ணையார் கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியில் ஊர்த்தொழிலுக்கான மானிய நிலத்தை உண்டு, கோயில் பேரிகைக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் கொடுத்து வாழ்கிறார். தில்லைக்குப் போகவொட்டாமல் தடுப்பது பிறப்பு குறித்த அவருடைய அச்சம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் வேதியரைக் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். தஞ்சைப் பண்ணையாள் முறையைக் கண்ணால் கண்டவரின் கற்பனை அது. அந்த நேர்மையை மறுப்பதற்கில்லை. அடிமைத்தனம் முதன்முறையாக இந்தக் கதைக்குள் பெயரோடு வந்து நின்றது.

ஆனால் வந்த வேகத்திலேயே கதையமைப்பு அதை விழுங்கிவிட்டது. நிலம் யாருடையது, கூலி எங்கே என்று கேட்க வேண்டிய இடத்தில் நாற்பது வேலி ஒரு ‘சோதனை’ ஆகிறது. வேலையைச் சிவகணங்கள் முடிக்கின்றன. வேதியர் காலில் விழுகிறார். கதையில் உண்மையாக மனம் மாறுபவர் அவர்தான். நந்தன் முதலிலும் பக்தன், முடிவிலும் பக்தன். சேக்கிழார் மூட்டிய நெருப்பும் அப்படியே நிற்கிறது. அதில் மூழ்கிப் பூணூலோடு முனிவராக எழுந்த பின்பே வாசல் திறக்கிறது. பிராப்பின் ‘உருமாற்றம்’ இங்கே சாதியை அழிக்கவில்லை, சாதிக்காரனை அழிக்கிறது.

சினிமா இந்த அமைப்பைத்தான் கையில் எடுத்தது. 1935இல் ‘பக்த நந்தனார்’: நந்தனாக கே.பி. சுந்தராம்பாள், ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’: தண்டபாணி தேசிகரும் செருகளத்தூர் சாமாவும். 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்து மூன்றாண்டுகள் ஆன பிறகும் திரைக்கு அதே வேதியர் தேவைப்பட்டார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்த தம் நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா நினைவுக்குப் படைத்தார். அந்த நந்தன் திரைக்கு வரவேயில்லை.

எலும்புக்கூட்டையே தூக்கி எறிய வேண்டும் என்பார் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் ‘ஃபன்றி’யைப் (2013) பாருங்கள். அதிலும் கடினமான பணி உண்டு. ஊரே வேடிக்கை பார்க்க ஜப்யாவின் குடும்பம் பன்றி பிடிக்கிறது. பணியை முடித்தும் விடுகிறது. அடுத்து வர வேண்டிய அங்கீகாரம் வரவில்லை, யாரும் காலில் விழவில்லை, எந்தக் கணமும் இறங்கி வரவில்லை. பன்றியைச் சுமந்து செல்கையில் பின்னால் பள்ளிச் சுவரில் அம்பேத்கரும் சாவித்திரிபாயும். பட்டியலை மஞ்சுளே அங்கேயே முறித்துவிடுகிறார். ஜப்யா எறியும் கல் நேராகக் கேமராவை நோக்கி, இருக்கையில் சாய்ந்திருக்கும் நம்மை நோக்கி வருகிறது.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) வேறு வழியில் போகிறது. அங்கும் மேல்சாதித் தந்தை ஒருவர் இருக்கிறார். மனம் மாறுவதற்கு எல்லா வசதியும் உள்ள இறுதிக் காட்சியும் இருக்கிறது. அவர் காலில் விழவில்லை, பரியனும் அதை எதிர்பார்க்கவில்லை. நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை எதுவும் மாறாது என்ற பொருளில் பேசிவிட்டுப் போகிறான். மேசையில் மிஞ்சுவது இரண்டு தேநீர்க் கண்ணாடிகள், நடுவில் ஒரு பூ.