சிறு தொட்டியில் நானூறு ஆண்டு

சிறியது நிலைக்குமா என்னும் ஐயம், எண்ணிக்கையில் குறைந்த எந்தச் சமயத்தாருக்கும் எழுவது இயல்பே. இதற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செஞ்சிப் பகுதியிலுள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. அவ்வூர்ப் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அச்சமயத்தார் இன்று தமிழகத்தில் மிகச் சிலரே. ஆயினும் பெற்றோர் பிள்ளைக்கும் பிள்ளை பேரனுக்கும் நோன்பையும் வழிபாட்டையும் கற்பித்து, தம் நெறியை அணையாமல் காத்து வந்துள்ளனர்.

அவ்வட்டாரத்துக் குன்றுகளும் இதே பாடத்தைப் புகட்டுகின்றன. பாறை இடுக்கில் விழுந்த ஆல விதை, மண்ணும் நீரும் போதாத நிலையில், முழ உயரத்திலேயே முதிர்ந்து, வேரால் கல்லைப் பற்றி நிற்கிறது. மலைகளில் இவ்வாறு குறுகி நின்ற மரங்களைக் கண்டே, அவற்றைத் தொட்டியில் வளர்க்கும் கலை சீனத்தில் பிறந்தது. 706-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், தட்டில் அமைந்த சிறு மரங்களை ஏந்தி வரும் பணியாளரைக் காண்கிறோம். அக்கலையை ஏற்று வளர்த்த ஜப்பானியர் அதற்குப் ‘போன்சாய்’ எனப் பெயரிட்டனர். அவர்கள் பெரிதும் போற்றியது பைன் மரத்தை.

பைனை இளமையிலேயே பழக்க வேண்டும். முதிர்ந்த தண்டு எளிதில் வளையாது. கன்றின் ஆணிவேரை நறுக்கினால் பக்க வேர்கள் பரவும். செம்புக் கம்பியையோ அலுமினியக் கம்பியையோ தண்டில் சுற்றிச் சிறிது சிறிதாக வளைப்பர். தண்டு பருக்கும்போது கம்பி பட்டையை வெட்டும் முன்பே அதை நீக்கிவிட வேண்டும். தாமதித்தால் தழும்பு பல ஆண்டுகள் மறையாது. இளவேனிலில் தளிர்கள் நிமிர்ந்து எழுவதால் அவற்றுக்கு ‘மெழுகுதிரிகள்’ என்றே பெயர். அவற்றை அளவாகக் கிள்ளுவர். ஆனால் ஒரு கிளையின் ஊசியிலைகளை முற்றும் களைந்துவிட்டால் அக்கிளை பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை. தொட்டி மாற்றும்போது பழைய மண்ணில் ஒரு பகுதியை வேரோடு விட்டுவைப்பர். வேருக்கு உணவூட்டும் நுண்ணிய காளான் அம்மண்ணில்தான் வாழ்கிறது. அடிமரம் பருக்க வேண்டுமானால், கீழ்க்கிளை ஒன்றைச் சில ஆண்டுகள் விருப்பம்போல் ஓடவிட்டுப் பின்னர் வெட்டுவர். அதற்குத் ‘தியாகக் கிளை’ என்று பெயர்.

நம் சமவெளியின் வெப்பம் பைனுக்கு ஒவ்வாது. கொடைக்கானல் போன்ற மலைகளில்தான் நாம் பைன் காடுகளைக் காண்கிறோம். ஆகவே இங்குள்ள போன்சாய் ஆர்வலர் ஆலையும் அத்தியையும், பைன் போன்ற தோற்றமுடைய சவுக்கையும் பழக்குகின்றனர். எனினும் ஜப்பானியப் பைன் ஒன்றின் வரலாறு, கத்தோலிக்கராகிய நம்மைத் தனியே சிந்திக்க வைக்கிறது.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியாரே, 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கால் வைத்தார். 1597-இல் இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா செஞ்சிக்கு வந்தபோது, கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். அதே ஆண்டு பிப்ரவரி 5 அன்று நாகசாகிக் குன்றில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நம் நாட்டின் வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா.

1614-இல் கிறிஸ்தவம் ஜப்பான் முழுவதும் தடை செய்யப்பட்டது. 1623 முதல் 1651 வரை ஆண்ட ஷோகன் தோகுகவா இயெமித்சு, அத்தடையை மிகக் கடுமையாக நடத்தினார். விசுவாசிகள் திருவுருவங்களை மிதிக்குமாறு வற்புறுத்தப்பட்டனர், மறுத்தோர் வதைக்கப்பட்டனர். இதே இயெமித்சு போன்சாய்ப் பிரியர்! அவருடையது எனப் போற்றப்படும் பைன் ஒன்று தோக்கியோ அரண்மனையில் இன்றும் வாழ்கிறது. தளிரின் இயல்பறிந்து பொறுமையோடு பேணிய ஆட்சியாளர், மனித மனத்தின் இயல்பை அறிய மறுத்தார். கம்பியை எப்போது நீக்குவது என்பது அவர் நாட்டுத் தோட்டக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கோ இறுக்க மட்டுமே தெரிந்தது.

அவர் ஆட்சிக்காலத்தில், 1625-இல், மற்றொரு வெண்பைன் தொட்டியில் பழக்கப்படத் தொடங்கியது. பிற்காலத்தில் அது ஹிரோஷிமாவின் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தது. அம்மரம் வளர்ந்த அதே நூற்றாண்டுகளில் நாகசாகியை அடுத்த உராகமியில், குருக்கள் இன்றி, கோவில் இன்றி, நற்கருணை இன்றி ஒரு திருக்கூட்டம் மறைவாக வாழ்ந்தது. பொதுநிலையினரே திருமுழுக்கு அளித்தனர். செபங்களை வாய்மொழியாகக் கற்பித்தனர். 1865 மார்ச் 17 அன்று ஊரா ஆலயத்தில் குரு பெத்திஜானை அணுகி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று அவர்கள் அறிவித்தபோது உலகம் வியந்தது. தடை 1873-இல் நீங்கியது.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா எரிந்தது. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்த யமாகி இல்லத்தின் கண்ணாடிகள் சிதறின. உயர்ந்த மதில் காத்ததால் பைன் பிழைத்தது. நகரின் புறப்பகுதியிலிருந்த நாகத்சுகா நவதுறவகத்தில், பின்னாளில் இயேசு சபைத் தலைவரான தந்தை பேத்ரோ அருப்பே காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தார். மூன்றாம் நாள் நாகசாகியில் விழுந்த குண்டு உராகமிப் பேராலயத்தைத் தகர்த்தது. மறைந்து வாழ்ந்து மீண்ட அம்மக்களின் வழித்தோன்றல்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். எஞ்சியோர் பேராலயத்தை மீண்டும் எழுப்பினர்.

1976-இல் மசாரு யமாகி அம்மரத்தை அமெரிக்க மக்களுக்கு நன்கொடையாக அளித்தார். தம் நகரை எரித்த நாட்டுக்கே அதை வழங்கியபோதும், குண்டுவீச்சில் அது பிழைத்த கதை அங்குப் பரவலாக அறியப்படவில்லை. 2001-இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டன் வந்து அம்மரத்தைக் கண்டபோதே அது வெளிப்பட்டது. மன்னிப்பு இத்துணை அமைதியாகவும் பேசும் போலும்!

நம் இல்லங்களில் இளங்கன்றுகள் வளர்கின்றன. அவர்களை வளைக்கும் கடமை நமக்கு உண்டு. கம்பியை உரிய காலத்தில் நீக்கும் கடமையும் உண்டு. அச்சத்தால் இறுக்கிய பக்தி தழும்பாகும். கிள்ளும் கை பசுமை முழுவதையும் பறித்துவிடலாகாது. புதிய காலத்துக்கு அவர்களை நாம் பெயர்த்து நடும்போது, முன்னோரின் செபமாகிய பழைய மண் சிறிதேனும் வேரோடு செல்லட்டும். நானூறு ஆண்டு வாழ்ந்த மரத்தை எந்தத் தோட்டக்காரரும் முழுமையாகக் கண்டதில்லை. ஒவ்வொருவரும் தம் நாளில் நீர் ஊற்றினர்; பின்பு அடுத்தவர் கையில் ஒப்படைத்தனர். மேல்சித்தாமூர்ச் சமணப் பெற்றோரும் உராகமியின் ஏழை விசுவாசிகளும் செய்தது அதுவே. நம்மிடம் கேட்கப்படுவதும் அதுவே.