மடியும் இருக்கையும்

“தாயின்ர மடியை விடப் பாதுகாப்பு எது?” என்று எங்கட அம்மம்மாமார் கேட்பினம். வீட்டில அது சரி. கார் மோதினால் எந்தத் தாயாலும் பிள்ளையை இறுக்கிப் பிடிக்க ஏலாது.

விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் புறப்படுவதைக் கண்டு, சுவீடனில் பெர்டில் ஆல்ட்மன் 1960களில் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை உருவாக்கினார். பச்சைப்பிள்ளைக்குத் தலை பாரம், கழுத்து மெலிவு. முன்பக்கம் மோதினால் அடியை இருக்கையின் முதுகு தாங்கும்.

1965இல் இங்கிலாந்தின் விமானப் பொறியியலாளர் ஓவன் மக்லாரன், குடைபோல மடியும் அலுமினியத் தள்ளுவண்டிலை வடிவமைத்தார். பஸ்ஸில, ரயிலில ஏற அதுவே வசதி.

ஆனபடியால் நான் சொல்லுறது இதுதான்: ஆரோ பாவிச்ச தள்ளுவண்டிலை, பிறேக்கையும் பூட்டையும் பார்த்து வாங்கலாம். விபத்தில் அடிபட்டதோ என்று தெரியாத கார் இருக்கையை மட்டும் வாங்காதேங்கோ.